குதிகாலில் ஒரு முள்: தோணிரேவு முதல் கரிகிரி வரை

காலையில் எழுந்து முதல் அடியைத் தரையில் வைக்கிறீர்கள். குதிகாலில் யாரோ ஆணி அடித்தது போல சுரீர் என்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு, நொண்டி நொண்டி நாலு அடி நடக்கிறீர்கள். பத்து நிமிஷத்தில் வலி குறைகிறது. "சரி, ஏதோ சுளுக்கு" என்று விட்டுவிடுகிறீர்கள். மறுநாள் காலை மறுபடியும் அதே ஆணி, அதே இடம்.

இந்த வலிக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் பிளான்டர் ஃபேசியைடிஸ். நம் வீடுகளில் குதிகால் வலி அல்லது குதிகால் வாதம் என்பார்கள். பத்துப் பேரில் ஒருவருக்காவது வாழ்நாளில் ஒருமுறை இது வரும் என்று மருத்துவ நூல்கள் கணக்குச் சொல்கின்றன. நம் வகுப்பில் ஐம்பது பேர் என்றால் ஐந்து பேருக்குச் சீட்டு உறுதி! ஆளைக் கொல்லாத வியாதி, அதனால் யாரும் இதற்கு வரலாறு எழுதுவதில்லை. ஆனால் இதற்கும் சுவாரசியமான ஒரு வரலாறு இருக்கிறது. அதில் பாதி நம் பக்கத்திலேயே, வேலூரிலும் கொழும்பிலும் நடந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் மருத்துவன் இல்லை, மாணவன். ஆகவே இதை வரலாறாகப் படியுங்கள், மருந்துச் சீட்டாக வேண்டாம்.

ஓய்வெடு என்றால் யார் எடுப்பது?

சென்னைக்கு வடக்கே ஐம்பது அறுபது கிலோமீட்டரில் பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அங்கேதான் இருக்கிறது. அந்த ஏரிக்கரை மீனவ ஊர்களில் ஒன்று தோணிரேவு. பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. தோணி நம் சொல். ரேவு என்றால் தெலுங்கில் துறை. தோணி வந்து நிற்கும் துறை. தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் எல்லைப் பகுதி என்பதற்கு ஊர்ப்பெயரே சாட்சி.

இந்த ஏரி பரப்பில் பெரியது, ஆழத்தில் சின்னது. பல இடங்களில் இடுப்பளவு, முழங்காலளவுத் தண்ணீர்தான். அதனால் இங்கே மீன்பிடித் தொழிலில் பாதி, தோணியில் உட்கார்ந்து செய்வதல்ல. இறங்கி நடந்து செய்வது. தோணியைச் சேற்றில் தள்ள வேண்டும். வலையைக் காலூன்றி இழுக்க வேண்டும். வலையே இல்லாமல் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்களும் உண்டு. பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பறியை வாயில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் விட்டுத் தேடுவார்கள். பிறகு கரைக்கு வந்தால் ஏலம், கூடை, பேருந்து, சந்தை. மீன் விற்கும் பெண்கள் சிமெண்டுத் தரையில் நிற்கும் நேரத்தைக் கணக்குப் போட்டால் நமக்குக் கால் வலிக்கும்.

ஏரியின் சில மீனவ ஊர்களில் 'பாடு' என்றொரு முறை நெடுங்காலமாக உண்டு. யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை போடலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. இன்று உங்கள் முறை என்றால் இன்றுதான். நாளை வேறொருவருக்கு. அப்படிப்பட்ட இடத்தில் போய், "ஆறு வாரம் காலுக்கு ஓய்வு கொடுங்கள்" என்று மருத்துவர் சொன்னால் கேட்பவர் சிரிப்பாரா, அழுவாரா?

எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் வந்ததே இந்தக் கேள்வியால்தான். உட்கார முடியாதவனுக்குக் குதிகால் வலி வந்தால் என்ன செய்வது? நடந்துகொண்டே குணமாக முடியுமா? இருநூறு ஆண்டு மருத்துவ வரலாறு இந்தக் கேள்விக்கு மாற்றி மாற்றிப் பதில் சொல்லியிருக்கிறது.

எலும்புக்கூட்டில் இல்லாத ஒன்று

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டை இன்று வெறும் மேடு. ஆனால் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். சோழமண்டலக் கரையில் டச்சு வணிகத்துக்கு 1690 வரை இதுதான் தலைநகரம். இங்கிருந்து துணி போனது, வெடிமருந்து போனது. அடிமைகளாக மனிதர்களும் கப்பலேற்றப்பட்டார்கள். கப்பல்கள் கரைக்கு வர முடியாது. கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கையெல்லாம் சின்னப் படகுகளில் ஏற்றி, இறக்கி, சுமந்து கரை சேர்க்க வேண்டும். சுமந்தவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அவர்களுக்குக் குதிகால் வலித்ததா என்று எந்தக் கணக்குப் புத்தகமும் எழுதவில்லை.

எலும்புக்கூடு என்றதும் ஒரு விஷயம். நமக்கு வலிக்கும் அந்த உறுப்பு எலும்புக்கூட்டில் இருக்காது. பாதத்தில் 26 எலும்புகள். குதிகால் எலும்பின் அடியில் தொடங்கி விரல்களின் அடி வரை அகலமான, தடித்த ஒரு நார்ப்பட்டை ஓடுகிறது. அதுதான் பாத வளைவைத் தாங்கிப் பிடிக்கிறது. வில்லுக்கு நாண் மாதிரி. குதிகால் எலும்பில் அந்த நாண் கட்டியிருக்கும் முடிச்சில்தான் பெரும்பாலும் தகராறு. மனிதன் இறந்தபின் நாண் மக்கிப் போகும், வில் மட்டும் மிஞ்சும். அதனால் பழங்கால மனிதர்களின் குதிகால் வலியை நாம் நேராகப் பார்க்க வழியில்லை. எழுத்தில்தான் தேட வேண்டும்.

முள்ளும் எருக்கிலையும்

எழுத்தில் தேடினால் நம் நாட்டிலேயே கிடைக்கிறது. சுசுருத சம்ஹிதையில் 'வாதகண்டகம்' என்று ஒரு நோய் சொல்லப்படுகிறது. கண்டகம் என்றால் முள். மேடுபள்ளமான தரையில் பாதம் தவறாக ஊன்றப்படும்போது வாதம் அங்கே தங்கி முள் குத்துவது போன்ற வலியைத் தருகிறது என்பது அதன் விளக்கம். இன்றைய நோயும் அதுவும் ஒன்றே என்று அடித்துச் சொல்ல முடியாது. கணுக்கால் வலியையும் அந்தச் சொல்லுக்குள் சேர்க்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். காரணம் தேடும்போது அந்த நூல் நேராகப் பாதம் தரையில் படும் விதத்துக்குப் போகிறது. ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் பலர் அங்கே வந்து சேரவில்லை என்பதை அடுத்துப் பார்க்கப் போகிறோம்.

பாட்டி வைத்தியத்தில் இதற்குப் புகழ்பெற்றது எருக்கிலை. செங்கல்லைச் சூடாக்கி, அதன்மேல் எருக்கிலையைப் போட்டு, அதில் குதிகாலை வைத்து ஒத்தடம் கொடுப்பார்கள். தமிழ்நாட்டில் இதைக் கேள்விப்படாதவர் இருக்க மாட்டார்கள். சூட்டில் தசை தளர்ந்து வலி கொஞ்ச நேரம் மட்டுப்படுவது உண்மைதான். இதில் ஆபத்தும் ஒன்று இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். மறந்துவிடாதீர்கள், அந்தச் செங்கல் திரும்ப வரும்.

குற்றவாளியைத் தேடிய ஐரோப்பா

நவீன மருத்துவத்தில் இந்த வலியை 1812இல் வுட் என்பவர் முதலில் விவரித்ததாகச் சொல்வார்கள். காரணம் காசநோய் என்று அவர் நினைத்தார். அந்தக் காலத்தில் எதற்கெடுத்தாலும் காசநோய்தான்.

1895இல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். ஐந்தே ஆண்டில், 1900இல், ஜெர்மன் மருத்துவர் பிளெட்னர் குதிகால் எலும்பின் அடியில் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பு வளர்ச்சியைப் பற்றி எழுதினார். ஆகா, குற்றவாளி அகப்பட்டான்! கண்ணால் பார்க்க முடிகிற முள். இன்றும் நம்மூரில் "எலும்பு வளர்ந்திருக்கு" என்று எக்ஸ்ரேயைக் காட்டிப் பயமுறுத்துவது அந்த நாளிலிருந்து வருகிற வழக்கம்தான்.

அந்த முள் ஏன் வளர்கிறது? அமெரிக்காவில் பேர் என்ற எலும்பு மருத்துவர் 1906இல் ஒரு காரணம் சொன்னார். மேகநோய்! கொனோரியா கிருமிதான் காரணம் என்றார். யோசித்துப் பாருங்கள், குதிகால் வலி என்று போன பாவப்பட்ட மனிதன், வீட்டுக்கு வந்து மனைவியிடம் என்ன சொல்லியிருப்பான்?

பிரிட்டனில் சாதாரண மக்கள் இன்னும் தெளிவாக இருந்தார்கள். அவர்கள் வைத்த பெயர் 'போலீஸ்காரர் குதிகால்'. நாள் முழுக்க ரோந்து நடப்பவருக்கு வருகிறது, அவ்வளவுதான். காசநோயும் இல்லை, மேகநோயும் இல்லை.

முள்ளின் கதை எப்படி முடிந்தது என்றால், வலியே இல்லாத ஏராளமானவர்களின் எக்ஸ்ரேயிலும் அதே முள் இருந்தது. முள் இல்லாத பலருக்கு வலி இருந்தது. போதாததற்கு அந்த முள் பெரும்பாலும் நார்ப்பட்டையில் இல்லை, அதற்கு மேலே இருக்கும் சின்னத் தசையின் ஆரம்பத்தில் இருக்கிறது. 1965இல் லாபிடஸ், கைடாட்டி என்ற இரண்டு மருத்துவர்கள் 323 நோயாளிகளின் 364 குதிகால்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதற்கு 'வலிக்கும் குதிகால்' என்று மட்டும் தலைப்பு வைத்தார்கள். காரணம் இன்னும் தெரியாதபோது தெரிந்தது மாதிரி ஒரு பெயர் எதற்கு என்பது அவர்கள் வாதம். இந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடித்தது.

நங்கூரம் இழுக்கும் உருளை

இதற்கு நடுவில் 1954இல் ஒரு நல்ல காரியம் நடந்தது. பிரிட்டனைச் சேர்ந்த ஹிக்ஸ் என்பவர் பாதம் எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்கினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட உவமை கப்பலிலிருந்து வந்தது. நங்கூரக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை இருக்கும் அல்லவா, அதேதான்.

நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு காலைத் தரையில் ஊன்றி, கட்டைவிரலை மட்டும் கையால் மேலே தூக்குங்கள். உள்ளங்கால் வளைவு தானாக எழும்புவது தெரியும். விரல் மடங்கும்போது நார்ப்பட்டை விரல் மூட்டுகளைச் சுற்றி இழுபட்டு, குதிகாலையும் விரலையும் நெருக்குகிறது. வளைவு உயர்கிறது, பாதம் கெட்டியாகிறது. அந்தக் கெட்டிப்பட்ட பாதத்தை வைத்துத்தான் நாம் உந்தி அடுத்த அடி வைக்கிறோம்.

அதாவது ஒவ்வொரு அடிக்கும் ஒருமுறை நங்கூரம் இழுக்கப்படுகிறது. நாளைக்கு எட்டாயிரம் அடி என்றால் காலுக்கு நாலாயிரம் முறை. கெண்டைக்கால் தசை இறுகியிருந்தால், உடல் எடை கூடியிருந்தால், கெட்டித் தரையில் நாள் முழுக்க நின்றால் கயிற்றின் பாரம் கூடுகிறது. தோணிரேவில் தோணி தள்ளுகிறவரை நினைத்துப் பாருங்கள். குதிகால் தூக்கி, விரல்களைச் சேற்றில் ஊன்றி, மொத்த உடம்பையும் சாய்த்துத் தள்ளுகிறார். இதைவிட முழுதாக அந்த உருளையை யாரும் சுற்ற முடியாது.

நடந்துகொண்டே ஆறிய புண்

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். இந்தப் பகுதியின் நாயகர்கள் குதிகால் வலிக்கு வைத்தியம் செய்தவர்கள் இல்லை. அதற்கு நேர் எதிரான ஒன்றுக்கு, அதாவது வலியே தெரியாத பாதத்துக்கு வைத்தியம் செய்தவர்கள்.

தொழுநோய் நரம்புகளைக் கெடுப்பதால் பாதத்தில் உணர்ச்சி போய்விடும். பாதத்தில் புண் வரும், ஆறாது, விரல்கள் போகும். நோயினால் சதையே அழுகுகிறது என்று எல்லோரும் நம்பினார்கள். புண் ஆற நோயாளியை மாதக்கணக்கில் படுக்க வைத்தார்கள். ஆறும். எழுந்து நடந்தால் மறுபடி வரும்.

1930களில் கொழும்பில் மில்ராய் பால் என்ற இலங்கைத் தமிழ் அறுவை மருத்துவர் ஒரு காரியம் செய்தார். புண் உள்ள பாதத்தைச் சுற்றி மாவுக்கட்டுப் போட்டு, அந்தக் கட்டோடு நடக்க விட்டார். எடை ஒரே இடத்தில் அழுத்தாமல் பாதம் முழுதும், காலிலும்கூடப் பரவியது. புண் ஆறியது. படுக்கை இல்லாமல், நடந்துகொண்டே! இந்தியாவிலும் அதே காலத்தில் ஜோசப் கான் இப்படிப்பட்ட சிகிச்சையைப் பற்றி எழுதினார்.

இந்த முறையை எடுத்துக்கொண்டு உலகம் முழுதும் கொண்டு சேர்த்தவர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் அங்கே ஊழியம் செய்த ஆங்கிலேயர்கள். மருத்துவம் படிப்பதற்கு முன் கட்டட வேலை பழகியவர் என்பது ஒரு சுவையான செய்தி. லண்டனில் படித்துவிட்டு 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டில் ராபர்ட் காக்ரேன் நடத்திய தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். அங்கே முடங்கிய கைகளையும் புண்ணான கால்களையும் பார்த்தார். எலும்பு மூட்டு அறுவை மருத்துவர்கள் யாரும் ஏன் இந்தப் பக்கம் வரவில்லை என்று கேட்டார். பிறகு வாழ்நாளின் பெரும்பகுதி அதிலேயே போனது.

பிராண்ட் கண்டது எளிமையானது. சதை தானாக அழுகவில்லை. வலி தெரியாததால் அவர்கள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தி நடக்கிறார்கள். நீங்களும் நானும் நாலு கிலோமீட்டர் நடந்தால், நமக்கே தெரியாமல் வலிக்கும் இடத்தைக் காத்து நடையை மாற்றிக்கொள்கிறோம். அவர்களுக்கு அந்தக் காவல்காரன் இல்லை. பிற்காலத்தில் அவர் வலியைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். 1993இல் வந்த அந்தப் புத்தகத்தில் வலி என்பது யாரும் விரும்பாத ஒரு பரிசு என்கிறார்.

ஆறிய பாதம் மறுபடி புண்ணாகாமல் இருக்கச் செருப்பு வேண்டும். எந்தச் செருப்பு? ரொம்ப மெத்தென்று இருந்தால் எடையில் நசுங்கித் தட்டையாகிவிடும். கெட்டியாக இருந்தால் குத்தும். பல பொருள்களைச் சோதித்துப் பார்த்தபின் நின்றது நுண்துளை ரப்பர், மைக்ரோ செல்லுலர் ரப்பர். அதுதான் எம்.சி.ஆர். உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான காற்றறைகள். ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் அளவில் சுமார் 15. காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரியில் 1955இல் தொடங்கிய தொழுநோய் ஆய்வு மருத்துவமனை இந்தக் காலணி வேலையில் பெயர் பெற்றது. பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போனார். அவரோடு மாவுக்கட்டும் போனது. பிறகு சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கு உலகமே அதைப் பின்பற்றியது. 2003இல் அவர் மறைந்தார்.

இன்று தமிழ்நாட்டில் குதிகால் வலி என்று போனால் பல மருத்துவர்கள் சீட்டில் எழுதுவது எது? எம்.சி.ஆர். செருப்பு! மருந்துக் கடைக்குப் பக்கத்திலேயே மாட்டி வைத்திருப்பார்கள். வலி உணராத கால்களுக்காகப் பிறந்த செருப்பு, வலி தாங்காத கால்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதை மாட்டிக்கொண்டு நடக்கிற எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும்? தொழுநோய் என்றாலே விலகி ஓடிய ஊரின் காலில், தொழுநோயாளிகள் நடந்து நடந்து சோதித்துக் கொடுத்த ரப்பர்.

பெயரே தப்பு

இனி விறுவிறு என்று போகலாம். 1950களில் ஸ்டீராய்டு ஊசி வந்தது. குத்தினால் வலி போகும். 2012இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு சோதனையில் அதன் நிவாரணம் நாலு வாரத்தில் தெரிந்தது, எட்டாவது வாரத்தில் வித்தியாசம் இல்லை. அடிக்கடி போட்டால் நார்ப்பட்டை அறுந்துபோகிற ஆபத்தும் உண்டு. 1970களில் அமெரிக்காவில் எல்லோரும் ஓட ஆரம்பித்தார்கள். போலீஸ்காரர் குதிகால் ஓட்டக்காரர் குதிகாலும் ஆனது.

2003ஆம் ஆண்டு இந்தக் கதையில் முக்கியமானது. அந்த ஆண்டில் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்று, லெமாண்ட் குழுவினருடையது. அறுவை செய்து எடுத்த 50 பேரின் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அழற்சியைக் காணோம்! 'ஐடிஸ்' என்று முடிந்தால் அழற்சி என்று பொருள். இங்கே இருந்தது அழற்சி அல்ல, தேய்ந்து சிதைந்த நார். அதாவது நோயின் பெயரே தப்பு. பழைய கயிறு பிரி பிரியாக விட்டுப் போவது மாதிரி. வலை பின்னுகிறவரிடம் சொன்னால் உடனே புரியும்.

இரண்டாவது, டிஜியோவானி குழுவினர் 101 பேரிடம் செய்த சோதனை. வெறும் கெண்டைக்கால் நீட்டலைவிட, பாத நாரையே நேராக நீட்டும் பயிற்சி எட்டு வாரத்தில் நல்ல பலன் தந்தது. உட்கார்ந்து, வலிக்கும் காலை மறு தொடைமேல் போட்டு, கையால் விரல்களை முழங்காலை நோக்கி மடக்கி இழுப்பது. பத்து எண்ணும் வரை பிடி, பத்து முறை செய், நாளைக்கு மூன்று வேளை. இதில் முதல் வேளை, படுக்கையை விட்டு இறங்கி முதல் அடி வைப்பதற்கு முன்பே. இதற்குச் செலவு? பூஜ்யம்.

துண்டும் புத்தகப் பையும்

அழற்சி என்றால் ஓய்வு கொடுக்கலாம். பிரி விட்ட கயிறு என்றால்? உயிருள்ள நாருக்கு ஒரு குணம் உண்டு. அளவான பாரத்தை மெதுவாகக் கூட்டிக்கொண்டே போனால் அது தன்னைத்தானே திரும்பப் பின்னிக்கொள்கிறது. 2014இல் டென்மார்க்கில் ராத்லெஃப் குழுவினர் 48 பேரிடம் இதைச் சோதித்தார்கள்.

செய்முறை இது. ஒரு துண்டைச் சுருட்டி விரல்களுக்கு அடியில் வைக்க வேண்டும் (ஹிக்ஸின் உருளை முறுக்கேறுவதற்காக). படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மூன்று விநாடியில் மெதுவாக மேலே தூக்கி, இரண்டு விநாடி நிறுத்தி, மூன்று விநாடியில் இறக்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள். பழகப் பழக முதுகுப் பையில் புத்தகங்களை ஏற்றிப் பாரத்தைக் கூட்ட வேண்டும். ஆம் நண்பர்களே, நம் பாடப்புத்தகங்களுக்குக் கடைசியில் ஒரு மருத்துவப் பயன் கிடைத்துவிட்டது :-)

மூன்றாவது மாதத்தில் இப்படிச் செய்தவர்கள், நீட்டல் மட்டும் செய்தவர்களைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். ஓராண்டு முடிவில் இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. ஆக, இது மந்திரம் அல்ல. ஆனால் சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டியவனுக்கு அந்தச் சில மாதங்கள்தானே முக்கியம்?

ஓய்வு, முள், ஊசி என்று சுற்றிவிட்டு மருத்துவம் வந்து நின்ற இடம் இது. கால் வேலை செய்துகொண்டேதான் குணமாகும், ஆனால் வேலையின் அளவை நாம் பார்த்துக் கொடுக்க வேண்டும். மில்ராய் பாலின் மாவுக்கட்டுக்கும் இதற்கும் நோய் வேறு, நியாயம் ஒன்று.

அப்போது என்னதான் செய்வது?

படித்ததிலிருந்து சுருக்கித் தருகிறேன்.

1. முதல் அடிக்கு முன் நீட்டல். படுக்கையிலேயே. வெகுநேரம் உட்கார்ந்து எழும்போதும் அப்படியே.

2. ஆட்டத்தை நிறுத்த வேண்டாம், அளவைக் குறையுங்கள். செய்யும்போது லேசான வலி பரவாயில்லை. மறுநாள் காலை வலி கூடியிருந்தால் நேற்றைய அளவு அதிகம் என்று அர்த்தம். கிரிக்கெட்டில் ஓடிப் பந்து வீசுபவர்கள் சில வாரம் சைக்கிள், நீச்சல் என்று மாறிக்கொள்ளலாம்.

3. துண்டு வைத்துக் குதிகால் தூக்கல், ஒருநாள் விட்டு ஒருநாள். அவசரம் கூடாது.

4. சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நெடுநேரம் நிற்காதீர்கள். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு. ஆயிரக்கணக்கில் செலவழித்து அளவெடுத்துச் செய்த உள்தகடுதான் வேண்டும் என்பதில்லை. 2006இல் 135 பேரிடம் நடந்த ஆஸ்திரேலியச் சோதனையில், கடையில் ரெடிமேடாகக் கிடைப்பதும் ஏறக்குறைய அதே பலனைத்தான் தந்தது.

5. பொறுமை. பெரும்பாலோருக்கு அறுவை இல்லாமலே சரியாகிறது. ஆனால் வாரக்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில். சிலருக்கு ஆண்டுக்கு மேலும் இழுக்கும்.

6. இவை இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்: வீக்கம், காய்ச்சல், மரத்துப்போதல், இரவில் தூங்கவிடாத வலி, அடிபட்ட பிறகு கால் ஊன்ற முடியாமை. இளவயதில் இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் முதுகும் விறைத்துப்போனால் அது வேறு மூட்டு நோயாக இருக்கலாம்.

இப்போது அந்தச் செங்கல். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. பல ஆண்டு சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடும். அந்தக் காலைச் சுட்ட செங்கல்லில் வைத்தால் சூடு தெரியாது. தோல் வெந்தபின்தான் தெரியும். அந்தப் புண் விரலைக் கேட்கும், சமயத்தில் காலையே கேட்கும். வேலூரில் பிராண்ட் பார்த்ததும் இதையேதான். உங்கள் வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவர்கள் எருக்கிலை ஒத்தடம் எடுக்கப் போனால் தடுத்து நிறுத்துங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஏரிக்கரையில் இது செல்லுமா?

எம்.சி.ஆர். செருப்பு நல்லதுதான். ஆனால் பழவேற்காட்டுச் சேற்றில் இறங்குகிறவர் அதைப் போட்டுக்கொண்டு இறங்க முடியாது. சேறு உருவிக்கொள்ளும். "ஓய்வெடு" என்பதும் அங்கே செல்லாது. கடந்த இருபது ஆண்டு ஆய்வுகளில் எனக்குப் பிடித்த அம்சம், இவை இரண்டுமே இல்லாமல் ஒரு வழி கிடைத்திருப்பது. முதல் அடிக்கு முன் விரலை மடக்கி இழுக்கத் தோணிரேவிலும் முடியும், தோணி விளிம்பிலும் முடியும். துண்டு எல்லார் தோளிலும் இருக்கிறது. பாரத்துக்குப் புத்தகப் பைதான் வேண்டும் என்பதில்லை, வலைக்கூடை போதும். கரையில் ஏலத்துக்கு நிற்கும் அம்மாக்கள் காலடியில் நாலாக மடித்த கோணிச்சாக்கைப் போட்டுக்கொண்டால் சிமெண்டின் கடுமை கொஞ்சம் குறையும்.

இதெல்லாம் அவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஆய்வுகள் டென்மார்க்கிலும் அமெரிக்காவிலும் நடந்தன. படிப்பவர்கள் நாம், கணினி முன் உட்கார்ந்திருப்பவர்கள். நாள் முழுக்க நிற்பவர்களுக்கு இன்னும் ஊசியும், எலும்பு முள் எக்ஸ்ரேயும், "ரெஸ்ட் எடுங்க" என்ற ஒரு வரியும்தான் கிடைக்கிறது என்றால், 1900க்குப் பிறகு நடந்ததெல்லாம் அவர்களுக்கு நடக்கவே இல்லை என்றுதான் பொருள்.

உங்கள் வீட்டில், தெருவில் காலை எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர் ஒருவராவது இருப்பார். மீன்காரம்மாவோ, காவலாளியோ, பேருந்து நடத்துநரோ, வாத்தியாரோ. அந்த விரல் இழுக்கும் பயிற்சியை ஒருமுறை செய்து காட்டுங்கள். ரெண்டு நிமிஷம்தான் ஆகும்.